அட்டையில் ஓடிய புரோகிராம்

எனக்கு எப்போதும் கோடிங் எழுதத்தான் கை பரபரக்கும். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். அந்தத் திமிர் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் மேஜையில் அடங்கியது.

தைத்து வரும் டீ-ஷர்ட்டுகளில் என்ன குறை என்று பதிவதற்கான புரோகிராம் அது. மூன்று மாதம் முதுகு ஒடிய எழுதினேன். திரையில் பதினான்கு குறைகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. செக்கிங் பெண்களுக்கு அதையெல்லாம் படிக்க ஏது நேரம்? எல்லாரும் மேலே இருந்த முதல் பெயரையே தட்டிவிட்டார்கள். அது எண்ணெய்க் கறை. ரிப்போர்ட்டின்படி அந்த வாரம் கம்பெனியே எண்ணெயில் மிதந்தது. முதலாளி தையல் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். விஷயம் தெரிந்ததும் என்னை.

"இன்னொரு வாட்டி பாக்கலாங்க. அதுக்கு மேல வேண்டாங்க" என்றார்.

இதுவும் தேறாவிட்டால் சொந்தத் தொழிலை மூட்டை கட்டிவிட்டுக் கோவையில் சம்பள வேலைக்குப் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை இன்டர்வியூ. பயமாகத்தான் இருந்தது.

இந்த முறை கணினியைத் திறக்கவே இல்லை. டீ-ஷர்ட் மடிப்புக்குள் வைக்கும் அட்டை ஒன்றில் திரையை வரைந்தேன். ஆறே பெரிய பொத்தான்கள், மூலையில் அழகுக்கு ஒரு சின்ன டீ-ஷர்ட். செக்கிங்கில் மூத்தவரான அக்காவிடம் நீட்டி, "இதுதான் திரைன்னு நெனச்சுக்குங்க" என்றேன்.

குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே வழக்கம். அக்கா துணியில் ஒன்றை ஒட்டினார். அதே கையோடு நான் வரைந்த டீ-ஷர்ட்டின் தோளிலும் ஒன்றை ஒட்டினார். பொத்தான்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பொத்தானை அமுக்குங்கக்கா!"

"கொறை தோள்ல இருக்குதுங்க தம்பி. பொறகு வேற எங்க ஒட்டறதுங்க?"

இன்னோர் அட்டை எடுத்தேன். பொத்தான்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டை நிறைய ஒரே ஒரு டீ-ஷர்ட் வரைந்தேன். ஸ்டிக்கர் வேண்டாம், தொட்டால் போதும், அந்த இடத்துக் குறைகள் மட்டும் திரையில் வரும் என்றேன்.

அக்கா இடது கையில் துணியைப் பிடித்தபடியே, படத்தின் கழுத்தை ஒரு விரலால் தொட்டார். அடுத்த உருப்படியை எடுக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, தொட்டாச்சு. ஒண்ணும் வரலீங்களே?"

மேஜையே சிரித்தது. அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கோ கண் கலங்கிவிட்டது. மூன்று மாதம் எழுதிய புரோகிராமுக்காக அங்கே ஒருவரும் ஒரு நொடி காத்திருந்ததில்லை.

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை கோவைக்குப் போகவில்லை என்றேன்.

"அப்ப புரோகிராம் ஓடுதா?" என்றாள்.

"இன்னும் எழுதவே ஆரம்பிக்கல" என்றேன்.