நான்கு லிட்டர் சிவப்பு ஆயில்

சபையாருக்கும், இதைப் படிக்கிற எல்லா விசுவாசக் குடும்பங்களுக்கும் மோசஸ் எழுதுகிறேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டு எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி போதகர் கேட்டார். எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஆகஸ்ட் மாதம் நான் நம் சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அன்றைக்கு நீங்கள் எனக்காகக் கை தட்டினீர்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

நான் லாரி டிரைவர். ஆவடியில் குடியிருக்கிறேன். மண்ணூர்பேட்டையில் எங்கள் முதலாளியின் ஷெட். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனிகளின் குப்பையை ஏற்றி, அமுக்கி, கொண்டுபோய்க் கொட்டுகிற வண்டி நான் ஓட்டுவது. நூறடி போகும், நிற்கும். மறுபடி நூறடி போகும், நிற்கும். இருபத்தோரு வருஷம் கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது முழங்கால் தேய்ந்துபோனது. முழங்கால் போட்டு ஜெபிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தக் காலுக்கு ஒரு வழி காட்டும் என்று இரண்டு வருஷம் கேட்டேன்.

போன வருஷம் கோடையில் முதலாளி ஆட்டோமேட்டிக் கியர் வைத்த புது வண்டி வாங்கினார். கிளட்ச் கிடையாது. பட்டனை அழுத்தினால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். இருக்கிற டிரைவர்களில் மூத்தவன் நான்தான் என்று சாவியை என் கையில் கொடுத்தார். மூன்றே வாரத்தில் வீட்டில் தரையில் முழங்கால் போட்டேன். என் மனைவி ஜெயசீலி பார்த்துவிட்டு அழுதாள். அந்த வண்டியே எனக்கு ஜெபத்தின் பதில். அதை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதுதான் வெட்கம்.

வண்டி வந்த அன்று, அதை விற்ற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து அரை நாள் பாடம் நடத்தினார். நான் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கிளட்ச் இல்லாத வண்டிக்குப் பாடம் வேறயா என்று சிரித்தேன். எங்கள் ஷெட் மெக்கானிக் தயாளன் மட்டும் பழைய டைரி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பூந்தமல்லிக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. நம் ஆட்களிடம் பேசும்போது அதைக்கூட நான் கிண்டலாகச் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் மன்னிப்பாராக.

ஆகஸ்ட் முதல் வாரம் தயாளன் வண்டிக்கு சர்வீஸ் செய்து கியர் பாக்ஸில் புது ஆயில் விட்டார். இரண்டு நாள் கழித்து, காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், பழைய லாரியில் பார்ப்பது போலவே நான் ஆயில் அளவு பார்த்தேன். அளவுக் குச்சியில் இருக்கிற கோட்டுக்கு மேலே ஓர் அங்குலம் ஏறி நின்றது. அதிகமாக ஊற்றிவிட்டான், இப்படியே விட்டால் ஆயில் கசியாமல் பிடிக்கிற சீல் பிய்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். தயாளன் இருபதடி தள்ளித்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்தோரு வருஷ டிரைவர் அவனிடம் போய்க் கேட்பதா என்ற நினைப்பு. நானே அடியில் படுத்து நட்டைக் கழற்றி நான்கு லிட்டர் ஆயிலை ஒரு கேனில் பிடித்தேன். அந்த ஆயில் ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும். மறுபடி குச்சி விட்டுப் பார்த்தேன். சரியாகக் கோட்டில் நின்றது. யாரிடமும் சொல்லாமல் கேனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நம் சபையின் இரும்புக் கதவு தள்ளும்போது தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிடும், உங்களுக்கெல்லாம் தெரியும். சனிக்கிழமை சுத்தம் செய்யப் போனபோது அந்த ஆயிலில் கொஞ்சம் அதன் சக்கரங்களுக்கு விட்டேன். சத்தம் நின்றது. சபை மூப்பர் என் தோளைத் தட்டினார்.

அடுத்த வாரம் வண்டியில் கியர் மாறும்போது ஒரு குலுக்கல் வந்தது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. லோடை இறக்கிவிட்டு ஷெட்டில் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விசுவாசத்தோடு ஒட்டியதாக நினைத்துக்கொண்டேன். அது விசுவாசம் இல்லை. எரிகிற விளக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். முழு லோடோடு ரயில்வே மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போனது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் இடது கால் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இல்லாத வண்டியில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். வலது கால் ஆக்சிலேட்டரிலேயே கிடந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள். மதியச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என் வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இயேசப்பா என்று கத்தினேன். அந்த ஒரு பெயர்தான் வாயில் வந்தது. எப்படி என்று தெரியாது, வலது கால் பிரேக்குக்கு வந்துவிட்டது. கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. வண்டி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆட்டோவுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஆட்டோ டிரைவருக்கு உதடு வெளுத்திருந்தது. ஆனாலும், "இன்னா நைனா, பாலத்த ரிவர்ஸ்லயே ஏறலாம்னு பாத்தியா" என்றார். ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது கர்த்தர் செய்த அற்புதம். அதில் பொய் இல்லை. இதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் மறைத்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து கியர் பாக்ஸைப் பிரித்தார்கள். உள்ளே கியரைப் பிடிக்கிற தட்டுகள் கருகிக் கிடந்தன. ஆயில் நான்கு லிட்டர் குறைவு என்று முதலாளி சொன்னார். ஏற்றத்தில், மிச்சம் இருந்த கொஞ்ச ஆயிலும் பின்பக்கம் ஓடிவிட்டதால் வண்டி இழுக்கவில்லையாம். சர்வீஸ் பண்ணியது யார் என்று கேட்டார். தயாளன் முன்னால் வந்து, அளவு பார்த்துத்தான் விட்டேன் சார் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் ஒரே ஒரு வரி சொன்னேன். "சர்வீஸ் ஆனதுக்கு அப்புறம்தான் சார் வண்டி ஒரு மாதிரி இருந்துச்சு."

அந்த வரியில் பொய் என்று தனியாக ஒரு வார்த்தைகூட இல்லை. அதனாலேயே அது பெரிய பொய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தயாளனிடம் சொல்லிவிட்டார்கள். தயாளன் என்னை ஒரு தரம் பார்த்தார். ஸ்பேனர் பையைத் தன் பைக்கில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சாட்சி சொன்னேன். சாத்தான் என்னை மேம்பாலத்திலிருந்து தள்ளப் பார்த்தான், கர்த்தர் தாங்கினார் என்றேன். அல்லேலூயா என்றீர்கள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதோடு சேர்த்துப் பத்துக் கட்டளைகளையும் தப்பில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். மாங்காட்டில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். அங்கேயும் போய்ச் சொன்னேன். இரண்டாம் தரம் இன்னும் நன்றாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலி மாடிப்படிக்கு அடியில் இருந்த கேனைக் காட்டினாள். எட்டு வருஷமாகத் தயாளன் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கும், எங்கள் கிறிஸ்துமஸ் கேக் அவர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

"ரெண்டு எடத்துல சாட்சி சொன்னீங்க. ரெண்டுலயும் தயாளன் அண்ணன் பேர் வரலியே" என்றாள். 

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் நன்றாக மடங்கியது, வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சபைக் கதவு சத்தமில்லாமல் நகர்வது என் முதுகில் அடிப்பது போல இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உபவாசம் இருந்து ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லவே கூசுகிறது. தயாளனுக்கு வேறு நல்ல வேலை கொடும் ஆண்டவரே என்று கேட்டேன். அவருக்கு இரக்கப்பட்டு அல்ல. அவருக்கு வேலை கிடைத்துவிட்டால் நான் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்று. அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்கவில்லை. இன்றைக்கு அதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசியில் வேலப்பன்சாவடி பக்கம் போனேன். அதற்குள் வண்டி ரிப்பேர் ஆகி என் கைக்கே திரும்பி வந்திருந்தது. ரோட்டோரம் பைக் கழுவுகிற ஒரு கடையில் தயாளன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு ஸ்கூட்டருக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். பார்க்காதது போலப் போய்விடலாம் என்றால் முன்னால் சிக்னல். அவரே பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து ஜன்னலோரம் நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"வண்டி ஒழுங்கா இழுக்குதா அண்ணாத்தே" என்றார். நான் தலையாட்டினேன்.

"ஆயில் பாக்கசொல்லோ என்ஜின ஓடவுட்டுப் பாரு. நல்லா ஓட்டி சூடானதும், சமமான தரையில நிறுத்தி, நியூட்ரல்ல வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டுகினு பாரு. ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா ஆயிலு கீழ எறங்கி நின்னுகினு ஜாஸ்தியா காட்டும். இது நம்ம பழைய வண்டி மாதிரி இல்ல."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வேலை போனவன், தன் வேலையைப் பறித்தவனுடைய வண்டிக்காகக் கவலைப்பட்டு வந்து நிற்கிறான். என் கண்ணுக்கு ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். நியூட்ரல் போட்டேன், ஹேண்ட் பிரேக் இழுத்தேன். ஸ்டியரிங்கில் தலை வைத்து இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தரம் உண்மையாக ஜெபித்தேன். ஆண்டவரே, தயாளனுக்கு வேலை கொடும் என்று இனி கேட்க மாட்டேன். என் வாயைத் திறந்துவிடும். அது ஒன்றுதான்.

பிரியமானவர்களே, அந்த ஜெபத்துக்குப் பதில் வர ஒரு நாள்தான் ஆனது. மறுநாள் காலை ஷெட்டில் எல்லா டிரைவர்களும் நிற்கும்போது முதலாளி முன்னால் போய் நின்றேன்.  வார்த்தை வந்தது. ஆயிலை இறக்கியது நான், விளக்கை மறைத்தது நான், தயாளன் மேல் பழி விழும்படி பேசியதும் நான் என்று சொன்னேன். கேனையும் கொண்டுபோயிருந்தேன்.

முதலாளி கேனைப் பார்த்தார். "தெனமும் ஜெபம் பண்ணிட்டுதானய்யா வண்டி எடுப்ப" என்றார். அவ்வளவுதான் கேட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு கூசியதில்லை. என் பெயர் மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை. என்னால் என் ஆண்டவருடைய பெயர் அந்த ஷெட்டில் கெட்டது.

சாவியை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை. பழைய கிளட்ச் வண்டிக்கு மாற்றினார். முழங்கால் வலி திரும்பி வந்தது. வலிக்கட்டும் என்று மிதித்தேன். தயாளனை நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்.

தயாளன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி உள்ளே கூப்பிடவில்லை. தயாளன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நாலு லிட்டர்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். சரி, ஷெட்ல சொல்லிட்ட. உங்க கோயில்ல சாத்தான் தள்னான்னு சொன்னியாமே, அங்க யாரு சொல்லுவாங்க?"

நான் சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிறே சொன்னேன். இந்தத் தரம் யாரும் கை தட்டவில்லை. போதகர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வராதவர்களுக்காகவும், மாங்காட்டுக் கூட்டத்தில் இருந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தயாளன் மறுபடி ஷெட்டில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு அப்புறம் அந்த வண்டி மறுபடி என் கைக்கு வந்தது. இப்போது தினமும் அவர் சொன்னபடி என்ஜினை ஓடவிட்டுத்தான் அளவு பார்க்கிறேன். வாக்குத்தத்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தாலும் நிறுத்திவிடுகிறேன். தெரியாததை, வயதில் சின்னவரானாலும் கேட்கிறேன். தரையில் முழங்கால் போட முடிகிறது. இரண்டு ஜெபங்களுக்கும் பதில் கொடுத்தார். காலை மடக்கக் கேட்டேன், கொடுத்தார். வாயைத் திறக்கக் கேட்டேன், அதையும் கொடுத்தார். இரண்டாவதுதான் பெரியது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல ஒன்றை மறைத்துக்கொண்டு, அது வெளியே வராதபடி ஜெபித்துக்கொண்டிருந்தால், அந்த ஜெபத்தை நிறுத்துங்கள். வாயைத் திறக்கும்படி கேளுங்கள். அவர் கேட்பார். என் போன்றவனுக்கே கேட்டார்.

நான் சபையில் உண்மையைச் சொன்ன அன்று தயாளன் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே தன் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது குனிந்து கதவுச் சக்கரத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார். "இதுக்கு இந்த ஆயில ஊத்துவாங்களா? இன்னும் ரெண்டு மழையில போய்டும்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பா கிரீஸோடு அவரே வந்து வைத்துவிட்டுப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.