முன்கூட்டியே அடித்த அறிக்கை

கடலூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அறுபதுகளில் சிதம்பரத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தை வந்தால் யாரையும் கேட்க மாட்டேன், அகராதியைப் புரட்டுவேன். ‘எவாக்குவேட்’ அப்படித்தான் அறிமுகமானது. ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறுவது, அங்கிருப்பவர்களை வெளியேற்றுவது. வீடு மாற்றுவதற்கோ ஊருக்குப் போவதற்கோ அதைப் போடக் கூடாது. இவ்வளவும் எனக்கு அத்துப்படி.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் வெள்ள அறிக்கையை முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவோம். கொள்ளிடக் கரையில் இன்ன ஊர் மக்கள் அனைவரும் எவாக்குவேட் செய்யப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர் என்று எல்லாம் தயாராக இருக்கும். தேதி மட்டும் காலி. மேலிடம் கேட்டால் உடனே அனுப்ப வேண்டுமே. ஹெட் கிளார்க் இதைத் தன் சாமர்த்தியம் என்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு மழை நாளில், கரையோர மக்களை ஏற்றிவர லாரி முதல் நடைக்குக் கிளம்பியதுமே, தேதி போட்டு அறிக்கையை அனுப்பிவிட்டோம். மத்தியானம் ஹெட் கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தபோது, நனைந்த வேட்டியோடு ஒருவர் வந்தார். முதல் நடையில் வந்தவர். நடக்க முடியாத அக்காவை அடுத்த நடையில் ஏற்றுவதாகச் சொன்னார்களாம். லாரியோ ஆபீஸ் வாசலில் சும்மா நிற்கிறதே என்றார்.

ஃபைலில் இருந்த அறிக்கை நகலைப் பிரித்தேன். அதை அடித்தவளே நான்தான். ஆனாலும் தாளில் பார்த்ததும் நம்பிவிட்டேன், பாவி.

“எல்லாரும் வந்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. பள்ளிக்கூடத்துல போய்ப் பாருங்க” என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா அங்கே இல்லை என்று அவர் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. லாரியை அனுப்பினோம். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதால் பாதி வழியில் திரும்பிவிட்டது. அந்த அம்மாள் மூன்றாம் நாள் வேலிக்காத்தான் புதரில் பிணமாகக் கிடைத்தாள்.

இறப்புச் சான்றுக்காக அவர் மறுபடி வந்தார். எல்லாரும் வெளியேறியதாக அறிக்கை போயிருக்கிறதே, இப்போது எப்படி எழுதுவது என்று ஹெட் கிளார்க் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் என் மேஜைப் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நீங்க படிச்சவுங்க, சரியாத்தான் சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு வகுப்பா ரெண்டு தடவ தேடினேம்மா” என்றார்.

அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

பிறகு கடலூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டேன். அங்கேயும் ஐப்பசி வந்தது, அந்த வார்த்தையும் வந்தது. அறிக்கையை முன்னதாக அடிக்க மாட்டேன் என்று சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டேன். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? அந்த அம்மாளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை அடிக்கும்போதெல்லாம், தண்ணீர் ஏறும் குடிசைக்குள் லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள்.