மாஸ்டரின் தெருவும் நான் அடித்த ஆணியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் சனத்துக்கென்று முதல் பலசரக்குக் கடையைப் போட்டேன். பிறகு இரண்டு வீடு, ஒரு கல்யாண மண்டபம். மொழி தெரியாது, தாங்கிப் பிடிக்க ஆளில்லை. என்னால் முடியாது என்றவர்களெல்லாம் பிறகு அதே மண்டபத்துப் பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது, எண்பத்தைந்தில் நான் அடித்த ஓர் ஆணி.

அப்போது அகதிகளாக வந்த எங்களை ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று. நூறு வருடத்துக்கு முந்தைய கொப்பன்ஹேகன் தெரு. மங்கும் மாலை, பழுப்பு வானம், மழையில் ஊறிய கல் பாதை, அடைத்த கதவுகள். ஒரு விளக்குக்கூட இல்லை. முதுகைக் காட்டியபடி ஒரேயொரு மனிதன் தூரத்தில் போய்க்கொண்டிருப்பான். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்டர் எங்களோடு இருந்தார். முதல் நாளே சொன்னார்: "உது படமில்லை, ஊரடங்கு."

சில வாரத்தில் மன்னாரிலிருந்து செய்தி வந்தது. ஊரடங்குக்கு முன் கடைக்குப் பாண் வாங்கப் போன அவருடைய மகன் வீடு திரும்பவில்லை. அதன்பிறகு மாஸ்டர் சோற்றுக் கோப்பையோடு படத்துக்கு முன்னால் இருப்பார். ஒரு வாய் எடுக்கமாட்டார். "படம் ஓடிப்போகாது மாஸ்டர், சோறுதான் ஆறுது" என்று பெடியள் பகிடி விட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் கண்முன்னே வற்றிக்கொண்டு போனார். இந்தப் படம்தான் ஆளைத் தின்கிறது என்று எனக்குப் பட்டது. ஒருவரையும் கேட்காமல் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்த நாள் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்தார். "அவனை எங்கையடா கொண்டுபோனனீ?"

"ஆரை மாஸ்டர்?"

"நடந்து போறவனை. அவன் இன்னும் வீட்டை போய்ச் சேரேல்லையடா."

நான் சுத்தியலைத் தேடி எடுத்தேன். கழற்றியபோது பழைய ஆணி முறிந்துவிட்டது. புதிதாக ஒன்றை, கதிரையில் இருக்கும் மாஸ்டரின் கண்மட்டத்துக்கு இறக்கி அடித்துப் படத்தை மாட்டினேன். அவர் கோப்பையை இழுத்து, அந்த மனிதனைப் பார்த்தபடியே நாலு வாய் சாப்பிட்டார்.

மகன் வரவேயில்லை. மாஸ்டரும் போய்விட்டார். விடுதி இன்று முதியோர் இல்லம். போன மாதம் போய்ப் பார்த்தேன். படம் என் ஆணியில்தான் தொங்குகிறது. அந்த மனிதன் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

எங்கள் சங்கத்து ஆண்டு மலரில், படத்துக்கு முன்னால் மாஸ்டர் இருக்கும் புகைப்படத்தைப் போட்டு "ஓவிய ரசிகர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ரசிக்கவில்லை, பிள்ளைக்குக் காவல் இருந்தார். அதைத் திருத்துங்கள். அந்த ஆணியை அடித்தவன் நான் என்றும் எழுதுங்கள்.