எந்தப் பாடு, டாக்டர்?

பனிமலையில் முழங்கால் நொறுங்கி, இனி வேலைக்கு ஆகாது என்று ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டு, கோட்டைக்குப்பத்துக்கே திரும்பி வந்தவன் நான். ஊனத்துக்கான பென்ஷனுக்கு மறுபரிசோதனை என்று கடிதம் வந்தது. டச்சுக் கல்லறைப் பக்கம் பஸ் ஏறி, மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "வீட்ல உங்க பாடு எப்படி?" என்று கேட்டார்.

எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் மீன்பிடிப்போம். நம் முறை வரும் நாளுக்குப் பாடு என்று பேர். அந்தச் சொல் காதில் விழுந்ததும், பட்டாளத்துக்குப் போகுமுன் நைனாவோடு படகில் போன விடியல்கள் எல்லாம் கண்முன் வந்துவிட்டன.

"மாசத்துல ரெண்டு தடவை வரும் சார். இப்ப தம்பிதான் பார்த்துக்கிறான்" என்றேன், சிரித்தபடி.

அவரும் எழுதிக்கொண்டார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவன், பேனாவை எடுத்துவிட்டேன். மனைவி தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"இன்னாங்க இது? மாசத்துக்கு ரெண்டு நாள்தான் வலின்னு போட்டிருக்கு! தினம் காலைப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கிறது யாரு?"

அவர் கேட்டது கால் படுத்தும் பாட்டை, நான் சொன்னது ஏரிப் பாட்டை என்று தெரிந்ததும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுதியதை அடித்துத் திருத்தினார். இல்லையென்றால் என் பென்ஷன் குறைந்திருக்கும்.

இப்போதெல்லாம் அவள் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கிளம்பும்போது டாக்டர், "வலியே தெரியாத நாள்னு ஒண்ணு உண்டா?" என்று கேட்டார்.

'பாடு அன்னிக்கு, கரையில உக்காந்து தம்பி படகைப் பார்த்துக்கினு இருக்கும்போது' என்று வாய் வரை வந்தது. மனைவி முறைத்தாள். விழுங்கிக்கொண்டேன்.