ராஜாவைத் தொட்டவர்

ஆக்லாந்தில் குடியுரிமை உறுதிமொழி எடுக்கப் போன காலையில், என் பக்கத்து நாற்காலியில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். ஒடிசலான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. கோணலாக எது கண்ணில் பட்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. முன்னால் இருந்த நாற்காலியை நேராக்கினார். என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையையும் விடவில்லை.

"ஜனங்க திரண்டு எழுந்து ராஜா தலையையே வெட்டின நாடு எங்களுடையது. இப்போ இந்த நாட்டுக்கும் ராஜாவா இருக்கிற இங்கிலாந்து ராஜாவுக்கு நான் விசுவாசமா இருப்பேன்னு சொல்லணுமாம்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்க நாட்டுல அந்த ராஜாவைத் தலையோடவே கப்பலேத்தி அனுப்பினோம். எனக்கும் அதே சங்கடம்தான்" என்றேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

உறுதிமொழியை மட்டும் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். அவர் மகள் இங்கேதான் பிறந்தாளாம், அவளுக்காகத்தான் இதெல்லாமாம்.

பிறகு எல்லோரும் சுவரில் இருந்த ராஜா படத்துக்குக் கீழே போட்டோ எடுக்க நின்றோம். படம் லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் எட்டி, இரண்டு கையாலும் பதமாக நிமிர்த்தினார்.

"இந்தத் தலையாவது நேரா இருக்கட்டும்" என்றார்.

விசுவாசமா, கைப்பழக்கமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ராஜாவுக்கு வாக்குக் கொடுத்த அத்தனை பேரில், அந்தச் சாய்வைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.