சுசீலா அக்கா வாங்கிய ஏச்சு

எங்கள் ஆபீசில் அதிகமாகத் திட்டு வாங்குவது யார் என்று கேட்டால், கடைசி மேசை எழுத்தரான என்னைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அது தப்பு. அந்தப் பெருமை சுசீலா அக்காவுக்குத்தான்.

போர்ட் பிளேரில் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் பேசித் தீர்த்துவைக்கிற அலுவலகம் எங்களுடையது. தீவில் எல்லோருக்கும் ஹிந்தி தெரியும் என்பார்கள். மீன் வாங்க அந்த ஹிந்தி போதும். ஆட்குறைப்பு, பணிக்கொடை என்று பேச்சு போனால் சட்டமும் புரியாது, அதிகாரி சாப் பேசுவதும் புரியாது. அப்போது மொழிபெயர்க்க வரச்சொல்லி, கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் இருக்கிற அக்காவுக்கு போன் போகும். அக்கா ஃபெர்ரி ஏறி சாத்தாம் துறையில் இறங்கி, சொட்டுகிற குடையோடு வந்து நிற்பார். ஃபைல்கள் நனைகின்றன என்று நான் கத்துவேன். அவர் காதில் விழாது.

அக்கா பிறந்தது நிக்கோபார் பக்கம், கட்சால் தீவில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள். சுனாமிக்குப் பிறகு குடும்பம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் படித்தது. வங்காளம், குழாயடியில் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுப் படித்தது. இரண்டில் வங்காளம்தான் சுத்தமாக இருக்கும்.

மொழிபெயர்க்கும்போது அக்கா 'நான்' என்றுதான் பேசுவார். "உன்னை நிறுத்திவிட்டதாக மேனேஜர் சொல்கிறார்" என்று சொல்லமாட்டார். தொழிலாளியின் முகத்தை நேராகப் பார்த்து, "உன்னை நான் வேலையை விட்டு நிறுத்திட்டேன்" என்பார். ஒருமுறை பழனிசாமி என்கிற கொத்தனார், விசாரணை முடிந்த பிறகும் படகுத்துறை வரைக்கும் அவர் பின்னாலேயே போய், "ஏம்மா என்னை வேலையை விட்டுத் தூக்குன?" என்று சண்டை பிடித்தார். அக்கா அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ஃபெர்ரி வரும்வரை அத்தனை திட்டையும் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு இது தேவையா அக்கா? அவர் சொல்றார்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன்.

"அவரு சொன்னாரு, இவரு சொன்னாருன்னு ஆரம்பிச்சா, யாரு பேச்சுன்னே தெரியாமப் போயிரும் தம்பி. நான் வெறும் குழாய். தண்ணி அவங்களோடது."

அப்படியிருக்கும்போதுதான் ரெங்கம்மா வந்தாள். அவளும் கட்சால்காரி. ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிப் போனால் கேட்டைத் திறக்கவில்லை. காண்டிராக்டர் தேவேந்திரனைக் கேட்டால் விடுதியைக் கேள் என்கிறார். விடுதியைக் கேட்டால் நீ காண்டிராக்டர் ஆள் என்கிறார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வேலை ஒன்றுதான். விசாரணையன்று கைக்குழந்தையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தேவேந்திரன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

விடுதி மேனேஜர் மண்டல் பாபு அதிகாரியைப் பார்த்து மளமளவென்று ஹிந்தியில் பேசினார். அக்கா ரெங்கம்மா பக்கம் திரும்பினார்.

"நீ எங்க ஆளே இல்ல. உனக்கு வேலை குடுக்க வேண்டிய பொறுப்பு எனக்குக் கிடையாது."

ரெங்கம்மாவின் உதடு துடித்தது. "அக்கா... நம்ம ஊர்க்காரி நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

இதற்காவது அக்கா தன் வாயால் பதில் சொல்வார் என்று பார்த்தேன். ஆனால் குழாய் குழாய்தானே! அக்கா மண்டல் பாபு பக்கம் திரும்பி, "தீதி, ஹமாரே காவ் கி ஹோகர் ஆப் ஹி ஐஸா போலேங்கி?" என்று அதையே ஹிந்தியில் கேட்டார், அதே துடிப்போடு.

தன்னை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டது யார் என்று மண்டல் பாபு மீசையைத் தடவிக்கொண்டே விழித்தார். அதிகாரி சிரித்துவிட்டார். நானும்தான்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி சட்டத்தை விளக்கினார். அதில் ஒரு வார்த்தைக்கு, 'முதன்மை வேலையளிப்பவர்' என்று நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். நல்ல தமிழ். ரெங்கம்மா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

அக்கா என் தமிழை ஓரமாக வைத்துவிட்டார். "தோட்டத்துல ஆள் புடிச்சிட்டு வாரது கங்காணி. ஆனா தோட்டம் தொரையோடது. கங்காணி கைவிட்டா தொரைதான் பதில் சொல்லணும். இப்ப நான் கேக்கிறேன், உன்னை வேலை ஏவினது யாரு?"

தான் இப்படி விளக்கியதை அதிகாரிக்கும் ஹிந்தியில் சொன்னார். அவர் தலையாட்டினார்.

ரெங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரு ஏவினதா? வெள்ளைத் துணியோட சிவப்புத் துணியப் போடாதேன்னு அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் என்னைய ஏசினது யாரு? கங்காணியா? நான் உங்க ஆளு இல்லைன்னா எதுக்கு என்னைய ஏசினீங்க?"

அக்கா அதை ஹிந்தியில் அப்படியே இறக்கினார். மேசையைக்கூடத் தட்டினார். மண்டல் பாபு பொங்கி எழுந்தார்.

"ஸாரே சாதர் குலாபி கர் தியே! டாண்டூங்கா நஹி க்யா?"

"அத்தனை விரிப்பையும் ரோஸ் கலராக்கிட்டியே! ஏசாம என்ன செய்வேன்?" என்றார் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்து, "லிகோ, லிகோ" என்றார். நான் எழுத ஆரம்பித்த பிறகுதான் மண்டல் பாபுவுக்கு, ஏவியதும் ஏசியதும் தாம்தான் என்று தாமே சொல்லிவிட்டது உறைத்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மழையில் நின்று தன் முதலாளியோடு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் முதல்முறையாக ரெங்கம்மாவைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னார்.

அக்கா நாற்காலியை ரெங்கம்மா அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான். நாளையிலருந்து நீ ட்யூட்டிக்கு வா."

ரெங்கம்மா எழுந்தாள். அவள் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடத் தயாராக மண்டல் பாபு கையைத் தூக்கினார். அவள் அவரைத் தாண்டிப் போய், குழந்தையை அக்காவின் மடியில் வைத்து, அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"போகட்டும் அக்கா. நான் உங்களை மன்னிச்சிட்டேன்."

என் கண்ணும் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இத்தனை வருடமாக ஊரார் செய்த தப்புக்கெல்லாம் ஏச்சு வாங்கிய மனுஷி, அன்றைக்குத்தான் மன்னிப்பையும் வாங்கினார். ஆனால் அதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மண்டல் பாபு பக்கம் திரும்பி, "ஜானே தீஜியே தீதி. மைனே ஆப்கோ மாஃப் கர் தியா" என்று அந்த மன்னிப்பை ஹிந்தியில் ஒப்படைத்துவிட்டார்.