விருந்தினர் மறந்துபோன புத்தகங்கள்

என் சமையலறை அலுமாரியில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்று இருக்கிறது. விரித்தால் இன்னும் மணல் உதிரும். ராத்தா, அதாவது என் அக்கா, முழுதாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அது.

மன்னார்ப் பாலத்துக்கு அப்பால் ஒரு விடுதியில் இருவரும் வேலை செய்தோம். நான் சமையலில், ராத்தா வரவேற்பு மேசையில். விருந்தினர் விட்டுப்போகும் பொருட்களை ஒரு மாதம் பூட்டி வைப்போம். யாரும் கேட்டு வராவிட்டால் வேண்டியவர் எடுக்கலாம். குடைக்கும் ஷாம்புவுக்கும் வேலையாட்கள் எங்களுக்குள் அடிபடுவோம். போட்டியே இல்லாமல் ராத்தா புத்தகங்களை அள்ளிப்போவார். எங்கள் ஊர் உப்புக்குளத்திலிருந்து வரும் பஸ்ஸிலும் வாசிப்பு, சோறு வேகும் நேரத்திலும் வாசிப்பு. அகராதியைத் தொடமாட்டார். “விளங்காட்டி விட்டுட்டுப் போவன். கதை நிண்டாத்தான் திரும்பிப் பார்ப்பன்” என்பார்.

அதற்கு முன் விருந்தினருக்கு அவர் எழுதிய ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய வசனங்களின் ஒட்டுப்போடல்தான். வாசிக்க வாசிக்க அது மாறியது, முதலில் கோணலாக. மூக்குக்கண்ணாடியை விட்டுப்போன ஒருவருக்கு, “அது கட்டிலுக்கடியில் கிடந்தது. அதன்பின் அந்த அறைக்குள் எவரும் நுழையவில்லை” என்று எழுதியிருந்தார். கொலை நடந்த வீடு மாதிரி இருக்கிறதே என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு வருடம் பூநாரைகள் வரப் பிந்தின. பறவை பார்க்க வரவிருந்த வெளிநாட்டுக் குழு, வருவதா விடுவதா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. அவர்கள் வராவிட்டால் சமையலில் ஓர் ஆளைக் குறைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஆள் நான்தான்.

“பறவை நிக்குது எண்டு எழுதுங்கோ” என்றார் முதலாளி.

“வந்து பார்த்தாப் பொய் தெரிஞ்சிடும். கண்டதை எழுதுறன்” என்றார் ராத்தா.

பறவை இன்னும் வரவில்லை, தண்ணீர் உயரமாக நிற்கிறது, அது வற்றினால் வரும், தினமும் காலையில் பாலத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் பார்க்கிறேன், இன்று சேற்றின் ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான் எழுதினார். பாடமாக்கிய ஒரு வசனமும் அதில் இல்லை. வாசித்துக் காட்டியபோது, நம் ராத்தாவா இது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குழு வந்தது. அவர்கள் புறப்படுவதற்கு முந்தின காலை பூநாரைகளும் வந்தன. அறையில் புதிய புத்தகம் ஒன்றை விட்டுப்போயிருந்தார்கள். முதல் பக்கத்தில் ராத்தாவின் பெயர். அதையும் அவர் பூட்டித்தான் வைத்தார்.

“உங்கட பேர்தானே கிடக்குது?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்.”

ஆனால் அந்த மாதம் முழுக்க, நாளுக்கொரு தரம் திறந்து பார்த்துக்கொண்டார்.

இன்று விடுதியின் ஆங்கிலம் முழுதும் ராத்தாவின் கையால்தான் போகிறது. மணல் உதிரும் அந்த நாவலை எனக்குத் தந்துவிட்டார். பாதிக்கு வந்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று கேட்டால் வாய் திறக்கிறாரில்லை.

“வேலை போகாமக் காப்பாத்தினன், கதையை நீயே வாசி” என்கிறார்.